வளரும் நிறுவனம் ஓப்பன் சோர்ஸுக்குக் கைகொடுப்பது எப்படி?

உங்கள் நிறுவனத்தின் மென்பொருளில் உங்கள் ஆட்கள் எழுதிய கோட் எவ்வளவு, வெளியிலிருந்து எடுத்துப் போட்டது எவ்வளவு என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். அநேகமாக இரண்டாவதுதான் பல மடங்கு இருக்கும். அதில் பெரும்பாலானது ஓப்பன் சோர்ஸ், அதாவது மூலநிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பயன்படுத்தவும் திறந்துவைத்திருக்கும் மென்பொருள். சர்வரில் லினக்ஸ், தரவைச் சேமிக்கப் போஸ்ட்கிரெஸ், மேலே ஒரு ஃப்ரேம்வொர்க், அதற்கும் அடியில் பெயரே கேள்விப்படாத நூற்றுக்கணக்கான லைப்ரரிகள் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள்). அவற்றைப் பராமரிப்பவர்களில் பலர் தங்கள் வேலை முடிந்த பிறகு, கிடைத்த நேரத்தில் அதைச் செய்பவர்கள்.

2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. இணையத்தின் பாதுகாப்பான இணைப்புகளில் பெரும்பகுதி அந்த மென்பொருளை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு வந்துகொண்டிருந்த நன்கொடையோ ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். அதை வைத்துச் சம்பாதித்த நிறுவனங்கள் எத்தனை என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

இந்தப் பதிவு, இப்போதுதான் வளர ஆரம்பித்திருக்கும் நிறுவனங்களுக்கானது. தனித் துறை வைக்க வசதி இருக்காது, ஆனாலும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருக்கும். எங்கே தொடங்குவது என்றுதான் புரியாது. கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இதனால் பராமரிப்பாளருக்கு நேரம் மிச்சமாகிறதா, செலவாகிறதா?

படி 1: யாரை நம்பி இருக்கிறீர்கள் என்று பட்டியல் போடுங்கள்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். நீங்கள் நேரடியாகப் பயன்படுத்தும் லைப்ரரிகள், டேட்டாபேஸ், பில்ட் கருவிகள், டெஸ்ட் கருவிகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். பெரும்பாலான மொழிகளின் பேக்கேஜ் மேனேஜர்களே (லைப்ரரிகளை இறக்கி நிர்வகிக்கும் கருவிகள்) லைப்ரரிப் பட்டியலை எடுத்துக் கொடுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்டின் பேக்கேஜ் மேனேஜரான என்பிஎம் பயன்படுத்துபவர்கள் டெர்மினலில் ‘என்பிஎம் ஃபண்ட்’ (npm fund) என்று அடித்தால், உங்கள் ப்ராஜெக்ட்டில் உள்ள எந்தெந்த லைப்ரரிகள் நிதியுதவி கேட்கின்றன, எங்கே கொடுக்கலாம் என்பதும் சேர்ந்தே வரும்.

பட்டியல் நீளமாக இருக்கும். மலைத்துவிட வேண்டாம். ஒவ்வொன்றையும் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இது நாளைக்கு நின்றுபோனால் நம் சேவையும் நின்றுபோகுமா? இதற்கு மாற்று சுலபமாகக் கிடைக்குமா? இதை எத்தனை பேர் பராமரிக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு விடை, அந்த ரெப்போவின் (நிரலை வைத்திருக்கும் களஞ்சியம்) கமிட் வரலாற்றில், அதாவது பதிவான மாற்றங்களின் பட்டியலில் இருக்கிறது. கடந்த ஓராண்டின் கமிட்டுகளைப் புரட்டுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா? பிறர் அனுப்பும் மாற்றங்களை, அதாவது புல் ரிக்வெஸ்டுகளை, இணைப்பதும் அதே நபர்தானா? அப்படியானால் அந்த வரிசைக்கு நிறம் போட்டு வையுங்கள். உங்கள் உதவி முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

புகழ்பெற்ற பெரிய ப்ராஜெக்ட்டுகளுக்கு ஏற்கெனவே ஆதரவு உண்டு. கண்ணில் படாத, அடியில் கிடக்கும் சின்ன லைப்ரரிகள்தான் தனியாகத் தவிக்கின்றன. 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரம் இதற்குச் சாட்சி. லினக்ஸ் உலகம் முழுக்கப் பரவியிருந்த அந்த கம்ப்ரெஷன் மென்பொருளை நெடுங்காலம் ஒருவரே சுமந்துவந்தார். உதவ வந்தவர்போல ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்பாளர் உரிமையையும் பெற்று, 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்வாசல் (ரகசிய நுழைவழி) ஒன்றை நுழைத்துவிட்டார். களைத்துப்போன ஒரு மனிதருக்கு நேர்மையான துணை முன்பே கிடைத்திருந்தால், அந்த இடைவெளியில் அவ்வளவு சுலபமாக யாரும் நுழைந்திருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

படி 2: உரிமத்தைச் சரியாகக் கடைப்பிடியுங்கள்

இது உதவி அல்ல, கடமை. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 உரிமம் உள்ளவற்றை விநியோகித்தால் பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே கொடுக்க வேண்டும். ஜிபிஎல் உரிமம் என்றால், வெளியாருக்குக் கொடுக்கும் மென்பொருளின் மூலநிரலும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். ஏஜிபிஎல் மென்பொருளை மாற்றி, நெட்வொர்க் வழியாகப் பிறர் பயன்படுத்த விட்டாலே அந்தக் கடமை வந்துவிடும். பட்டியலில் உரிமத்துக்கு ஒரு நெடுவரிசை சேர்த்துவிடுங்கள்.

படி 3: ஒரு பக்கத்தில் அனுமதி எழுதிக் கொடுங்கள்

பல நிறுவனங்களில் பங்களிப்பு நடக்காமல் போவதற்குக் காரணம் ஆர்வமின்மை இல்லை. ‘இதை வெளியே அனுப்பலாமா, சிக்கல் வருமா’ என்று ஊழியருக்குத் தெரியாது. யாரைக் கேட்பது என்றும் தெரியாது. கேட்டால் ‘பார்க்கலாம்’ என்ற பதில் வரும். அத்தோடு முடிந்தது.

ஆகவே ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். நாம் பயன்படுத்தும் ப்ராஜெக்ட்டுகளுக்கு பக் (பிழை) திருத்தம், ஆவணத் திருத்தம், டெஸ்ட் ஆகியவற்றை அனுப்ப யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். புதிதாகப் பெரிய அம்சம் எழுதுவதென்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவரைக் குறிப்பிடுங்கள். வாடிக்கையாளர் தரவு, பாஸ்வேர்ட், உள்ளுக்குள் பயன்படுத்தும் சர்வர் பெயர்கள் எதுவும் வெளியே போகக் கூடாது என்பதையும் எழுதுங்கள். ஊழியர் தன் சொந்த நேரத்தில் எழுதுவது அவருடையதுதான் என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே தெளிவுபடுத்திவிட்டால் இன்னும் நல்லது.

லினக்ஸ் கெர்னல் உள்படப் பல ப்ராஜெக்ட்டுகள், ‘இதைக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு’ என்று உறுதி சொல்லும் சைன்ட்-ஆஃப்-பை வரியை ஒவ்வொரு கமிட்டிலும் கேட்கின்றன. வேறு சில ப்ராஜெக்ட்டுகள் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தமே கேட்கும். கையெழுத்துப் போட அதிகாரம் யாருக்கு என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வரித் திருத்தம் ஒன்று கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும்.

படி 4: பக்கை ஒழுங்காகச் சொல்லப் பழகுங்கள்

ஒரு ரூபாய் செலவில்லாத உதவி இது. நன்றாக எழுதிய ஒரு பக் ரிப்போர்ட் பராமரிப்பாளரின் ஒரு மாலை நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்புகளைப் படிக்கும் ஒரு லைப்ரரி, உங்கள் 40,000 வரிக் கோப்பில் எங்கோ தடுக்கி விழுகிறது. ‘உங்கள் லைப்ரரி வேலை செய்யவில்லை, அவசரம்’ என்று எழுதினால் அவர் என்ன செய்வார்? அந்தக் கோப்பைப் பாதி பாதியாக வெட்டிப் பாருங்கள். வெட்டிக்கொண்டே போனால், மேற்கோள் குறிகளுக்குள் புது வரி வரும் இடத்தில் ஒரு பதிவு இரண்டாக உடைகிறது என்று தெரியவரும். இப்போது வெறும் இரண்டு வரி உள்ள கோப்பை நீங்களே புதிதாக எழுதுங்கள். உண்மையான வாடிக்கையாளர் பெயர் அதில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. லைப்ரரியின் வெர்ஷன், மொழியின் வெர்ஷன், நீங்கள் ஓட்டிய நாலு வரி நிரல், எதிர்பார்த்த விடை, வந்த விடை. இவ்வளவுதான். அனுப்பும் முன் இதே பக்கை வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடிவிடுங்கள்.

பாதுகாப்பு ஓட்டை என்றால் மட்டும் பொதுவில் எழுத வேண்டாம். ரெப்போவில் அதற்கெனத் தனி வழி சொல்லியிருப்பார்கள், அதில் போங்கள்.

படி 5: திருத்தியதைத் திருப்பிக் கொடுங்கள்

அதே சிஎஸ்வி பக்கை உங்கள் டெவலப்பர் சரிசெய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். திருத்தம் உங்கள் ரெப்போவிலேயே ஒரு பேட்ச்சாக (ஒட்டுத் திருத்தமாக) கிடக்கிறது. லைப்ரரியின் அடுத்த வெர்ஷன் வரும்போது அந்த பேட்ச் ஒட்டாது, யாராவது மறுபடி உட்கார வேண்டும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தால் அது ஏன் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. மூல ப்ராஜெக்ட்டில் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை உங்களுக்கும் போகும், உங்களைப் போலவே தடுக்கி விழுந்த எல்லோருக்கும் போகும்.

அனுப்பும் முன் அந்த ப்ராஜெக்ட்டின் பங்களிப்பு வழிகாட்டியைப் படியுங்கள். ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரே ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். போகிற போக்கில் இடைவெளிகளைச் சரிசெய்வது, மாறிகளின் பெயரை மாற்றுவது எல்லாம் வேண்டாம். அந்த பக்கைப் பிடிக்கும் டெஸ்ட்டும் கூடவே இருக்கட்டும். பெரிய மாற்றம் என்றால் கோட் எழுதும் முன்பே ‘இதற்கு இடம் உண்டா?’ என்று கேட்டுவிடுங்கள். ஒரு அம்சத்தை ஏற்றுக்கொண்டால் காலம் முழுக்க அதைப் பராமரிக்கப் போவது அவர்தான், எனவே அவர் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு மதிப்புக் கொடுங்கள். அப்புறம், ஏஐ எழுதித் தந்ததை நீங்களே படித்துப் புரிந்துகொள்ளாமல் அப்படியே அனுப்பாதீர்கள். உங்கள் ஐந்து நிமிடம் அங்கே ஒருவருடைய மணிக்கணக்கான நேரத்தைத் தின்றுவிடும்.

படி 6: பணத்தை பட்ஜெட்டில் ஒரு வரியாகப் போடுங்கள்

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: தொகை சிறியதாக இருந்தாலும் மாதாமாதம் போகட்டும். லாபம் வந்த ஆண்டில் பெரிய தொகை, அடுத்த ஆண்டு ஒன்றுமில்லை என்றால் அதை நம்பி யாரும் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடியாது. கிளவுட் பில் கட்டுகிற அதே கணக்குத் தலைப்பின் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி இருந்தால், ஒவ்வொரு முறையும் யாரிடமும் போய் நியாயம் பேச வேண்டியிருக்காது.

எவ்வளவு கொடுப்பது என்று கேட்பவர்களுக்கு: 2024 அக்டோபரில் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் பிளெட்ஜ் என்ற உறுதிமொழித் திட்டத்தில், ஒரு டெவலப்பருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2,000 டாலர் என்ற கணக்கில் பராமரிப்பாளர்களுக்குக் கொடுக்க நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன. அவ்வளவு இப்போது முடியாது என்றால் முடிந்ததில் தொடங்குங்கள். ஆட்களின் எண்ணிக்கையோடு தொகையைக் கட்டிவைக்கும் அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் வளர வளர உதவியும் தானாக வளரும்.

எங்கே கொடுப்பது? தனி நபர் என்றால், கிட்ஹப் தளத்தின் நிதியுதவி வசதியான கிட்ஹப் ஸ்பான்சர்ஸ். குழுவாக இயங்கும் ப்ராஜெக்ட் என்றால் ஓப்பன் கலெக்டிவ். அங்கே வரவும் செலவும் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும். பெரிய ப்ராஜெக்ட்டுகளுக்கு அறக்கட்டளைகள் உண்டு. பைத்தான் மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவின் அறக்கட்டளை தனக்கு வரும் நிதியில் ‘ஃபெல்லோ’ என்ற பெயரில் ஆட்களை வைத்து, பக்குகளைப் பிரித்து அடுக்குவது, புல் ரிக்வெஸ்ட் பார்ப்பது, வெளியீடு செய்வது போன்ற, யாரும் விரும்பிச் செய்யாத வேலைகளைச் சம்பளம் கொடுத்துச் செய்ய வைக்கிறது. பணம் நேரமாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

யாருக்குக் கொடுப்பது என்பதை மேலிடம் மட்டும் முடிவு செய்ய வேண்டியதில்லை. வேலைவாய்ப்புத் தளமான இன்டீட் நிறுவனம் 2019இல் தொடங்கிய நிதியில், ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களித்த ஊழியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். சின்ன நிறுவனத்துக்கும் இது ஒத்துவரும்.

எல்லாப் பராமரிப்பாளரும் பணம் வாங்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். வேலை ஒப்பந்தம், வரி என்று அவர்களுக்கும் ஆயிரம் காரணம் இருக்கும். ‘உங்களுக்கு எது உதவியாக இருக்கும்?’ என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். சர்வர் வேண்டும், டெஸ்ட் செய்ய ஒரு கருவி வேண்டும், ஆவணம் எழுத ஆள் வேண்டும் என்று பதில் வரலாம்.

படி 7: வேலை நேரத்தில் நேரம் ஒதுக்குங்கள்

‘விருப்பமுள்ளவர்கள் வார இறுதியில் செய்யலாம்’ என்பது ஆதரவு ஆகாது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாக இருந்தாலும் அது வேலை நேரத்துக்குள் இருக்க வேண்டும், ஸ்பிரிண்ட் (ஓரிரு வார வேலை) திட்டத்தில் டிக்கெட்டாகத் தெரிய வேண்டும், ஆண்டு மதிப்பீட்டில் கணக்கில் வர வேண்டும். தெரியாத வேலை, நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டுப்படும்.

எக்ஸ்இசட் பின்வாசலைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர். மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர். செயல்திறன் சோதனைகள் செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் லாகின் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைவது) அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் துருவிப் பார்த்தார். அப்படித் துருவ ஒருவருக்கு நேரம் இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

படி 8: கேட்கும் தொனியைச் சரிபாருங்கள்

நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் லாக்4ஜே லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை 2021 டிசம்பரில் வெளியானது. அடுத்த மாதமே, இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் மென்பொருளை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்குக்கு ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: உங்கள் மென்பொருளில் லாக்4ஜே பாதிப்பு உண்டா, 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும். கர்ல் எழுதப்பட்டது சி மொழியில், லாக்4ஜே ஜாவா லைப்ரரி; இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சப்போர்ட் ஒப்பந்தம் போட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதினார். உங்கள் கொள்முதல், பாதுகாப்புக் குழுக்களின் ‘சப்ளையர்’ பட்டியலில் ஓப்பன் சோர்ஸ் பெயர்கள் இருந்தால் தனியே பிரித்து வையுங்கள். காசு கொடுக்காதவரிடம் கெடு வைக்க முடியாது. உறுதியான பதில் தேவை என்றால், அதற்கு ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுங்கள்.

படி 9: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைத் திறங்கள்

புதிதாக எது சேர்ந்தது, எது போனது, எந்த ரெப்போ சத்தமில்லாமல் கிடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் ஒரு லைப்ரரியை விட்டு வேறொன்றுக்கு மாறினால், கொடுத்துவந்த பணத்தைச் சட்டென்று நிறுத்தாமல் சில மாதம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஊழியர் ஒருவர் ஏதாவது ஒரு ப்ராஜெக்ட்டில் பராமரிப்பாளராக உயர்ந்திருக்கலாம். அந்தப் பொறுப்பு அவருடையது, நிறுவனத்தினுடையது அல்ல. எந்த மாற்றத்தை ஏற்பது என்பதில் உங்கள் தேவைக்காக அவரை நெருக்காதீர்கள். நாளை அவர் வேறு வேலைக்குப் போனாலும் பொறுப்பு அவரோடு போகட்டும். அதற்குத் தோதாக, முதல் கமிட்டிலிருந்தே தன் சொந்தக் கணக்கில் பங்களிக்க அவரை விட்டுவிடுங்கள். நிறுவனத்தின் பெயர் அவருடைய அறிமுகக் குறிப்பில் இருந்தால் போதும்.