திருகோணமலைக்கு அடிக்கடி போவோருக்கு விமானப் பாஸ் உதவுமா?

வருடத்துக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டால் விரும்பியபோதெல்லாம் பறக்கலாம் என்ற பேச்சு இப்போது நம்மவர்களிடையே அடிபடுகிறது. சுவிஸ் பாசலில் இருக்கும் என் மருமகன், "மாமா, இனி ஊருக்குப் போக டிக்கெட் விலை பார்க்கவே தேவையில்லை" என்றான். திருகோணமலை உப்புவெளியில் அம்மா இருக்கும்வரை நான் போய்வந்துகொண்டுதான் இருப்பேன். ஆகவே இந்தப் பாஸ்களின் விதிகளைப் பொறுமையாக வாசித்தேன். நமது ஊர்ப் பயணத்துக்கு இவை சரிவரா.

முதலில் வெளிப்படையான காரணம். ஹங்கேரியின் மலிவு விமானக் கம்பனியான விஸ் எயார் 2024 ஆகஸ்டில் தொடங்கிய வருடாந்தப் பாஸின் அறிமுக விலை 499 யூரோ, பிறகு 599. அதற்கு மேல் ஒவ்வொரு பறப்புக்கும் 9.99 யூரோ. புறப்பட 72 மணித்தியாலத்துக்குள்தான் இருக்கை பதியலாம், அதுவும் மிச்சம் இருந்தால். அமெரிக்காவின் ஃப்ரொண்டியர் விமானக் கம்பனி தரும் பாஸில் உள்நாட்டுப் பறப்பை முதல்நாள்தான் பதியலாம். விடுமுறைக் காலத்தில் பல நாட்கள் அந்தப் பாஸ் செல்லாது. இந்த இரண்டு கம்பனிகளும் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வருவதே இல்லை. அபுதாபி வரை மலிவாகப் போய் அங்கிருந்து வேறு டிக்கெட்டில் கொழும்பு போகலாம் என்று கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். விஸ் எயார் தன் அபுதாபித் தளத்தை 2025 செப்டம்பர் 1 முதல் மூடியதோடு அந்தக் கணக்கும் போயிற்று. தனித்தனி டிக்கெட்டில் போய், முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினால், இரண்டாவது கம்பனிக்கு உங்கள்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை. அந்த 9.99 யூரோவில் கொண்டுபோகக்கூடியது இருக்கைக்குக் கீழே வைக்கும் ஒரு சிறு பை மட்டும். ஊருக்கு அப்படிப் போகிறவர் யார்?

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நமது பயணத்தில் தடுமாறுவது போகிற நாள் அல்ல, திரும்புகிற நாள்.

கடந்த ஆகஸ்டில் அப்பாவின் சாம்பல்தீவுக் காணி அலுவலை முடிக்கவென்று போனேன். பக்கத்துக் காணி என் மாமாவுடையது. தன் மகளுக்கு வீடு கட்ட எங்கள் காணியில் ஒரு துண்டை எழுதித்தரும்படி கேட்கிறார். "தம்பி, இந்த முறை கையெழுத்து வைக்காமல் போகக்கூடாது" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். நாங்கள் எல்லோரும் வெளிக்கிட்டுப் போன பிறகு அந்த வேலியை அடைத்ததும், மாடு கலைத்ததும், பிறர் குடியேறாமல் காத்ததும் அவர்தான். பத்து வருடம் வேறொருவர் தடையில்லாமல் ஆண்டால் காணி அவருடையதென்று வழக்காடக்கூடிய நாடு அது. மாமா கேட்டது எனக்குக் கோபத்தைத் தந்தது, ஆனால் அதற்கு மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அலுவலகத்தில் எழுதுவினைஞர் என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் சுவிஸ் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது, எழுத்திலும் ஒன்று குறைவு. குறைந்த இடத்தில் பேனா முனையை வைத்து எடுக்காமலே கேட்டார்: "இந்த ஆளும் நீங்களும் ஒராள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" பக்கத்து வாங்கில் அம்மா இருந்தார். "இவன் என்ர பிள்ளை, நான் பெத்த பிள்ளை" என்றார். "அம்மா, அது சரி, கடதாசி வேணும்" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு மறுநாள் போனால், கையெழுத்திட வேண்டியவர் வெளிக்கள வேலைக்குப் போயிருந்தார். அதற்கடுத்த நாள் போயா, முழுநிலா நாளின் அரச விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. என் விமானம் சனிக்கிழமை இரவு. வெளியே வந்தால் பஸ் நிலையப் பக்கம் மான் ஒன்று சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டு நின்றது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு, "அப்ப இன்னும் கொஞ்ச நாள் நிற்பாய்தானே" என்றார். அவருக்கு அது சந்தோஷம். நானோ திகதி மாற்ற தொலைபேசியில் காத்துக்கொண்டிருந்தேன்.

டோஹா வழியான ஒரே டிக்கெட் என்பதால் விலை வித்தியாசத்தைக் கட்டி மாற்ற முடிந்தது. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில், மூன்று நாளுக்கு முன்தான் இருக்கை தெரியும் ஒரு பாஸோடு நின்றிருந்தால் அதுவும் இல்லை. விமானத்துக்குச் செலவழிக்கிற பணத்தைத் திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டில் போடுங்கள். கட்டுநாயக்கவிலிருந்து தம்புள்ள, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு வான் வண்டியில் ஐந்தாறு மணித்தியாலம் பிடிக்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

ஐரோப்பாவுக்குள் அடிக்கடி பறப்பவருக்குப் பாஸ் பிழையில்லை. ஒரு வழிக்குச் சாதாரணமாக 50 யூரோ கொடுப்பவர், 599 யூரோவை மீட்கப் பதினைந்து முறையாவது பறக்க வேண்டும். ஒஸ்லோவில் சாமத்தியவீடு என்றால் அது உதவாது, நாள் முன்கூட்டியே குறித்தாயிற்று, இருக்கை கிடைக்குமா என்பதோ கடைசி மூன்று நாளில்தான் தெரியும். திடீரென்று வரும் செத்தவீட்டுக்கு உதவும், இடம் இருந்தால்.

காணி அலுவல் உள்ளவர்கள் புறப்படுமுன் போயா நாட்களைப் பாருங்கள். அன்று அரச அலுவலகங்கள் திறக்காது. பிறப்புப் பத்திரத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் பெயர் ஒத்துப்போகாவிட்டால், சத்தியக் கடதாசியை இறங்கிய முதல் வேலை நாளே முடியுங்கள். இன்னும் நல்லது, நீங்கள் வாழும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோர்னித் தத்துவத்தை (உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரத்தை) உறுதிப்படுத்தி, ஊரில் நம்பிக்கையான ஒருவர் பெயருக்கு அனுப்பி, அங்கே பதிவுசெய்விப்பது. அந்த ஒருவர் காணியில் பங்கு கேட்கிறவராக இருக்கக்கூடாது. எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பத்திரம் தங்கச்சியின் பெயரில் போகிறது, மாமாவுக்கு நானே தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.