பூர்வீகப் புஞ்சையில் தற்சார்பு வாழ்க்கை: எந்த வேலைக்குப் பின் எந்த வேலை

பாட்டன் விட்டுச் சென்ற புஞ்சைக்குத் திரும்பி, உண்பதையும் எரிப்பதையும் இயன்றவரை அங்கேயே உண்டாக்கிக்கொண்டு வாழ வேண்டும் என்று விரும்பும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் பங்குக்கு வந்த 2 ஏக்கர் மானாவாரி நிலத்தில், முதல் ஆண்டே ஆசையோடு 60 மாங்கன்றுகளை நட்டோம். வேலி இல்லாததால் ஆடு கடித்துப் பாதி போயின. தண்ணீர் இல்லாததால் சித்திரை வெயிலில் மீதியும் காய்ந்தன. கன்றிலோ மண்ணிலோ குறை இல்லை. நான்காம் ஆண்டு செய்ய வேண்டியதை முதல் ஆண்டில் செய்துவிட்டோம்.

முதல் வேலை கடப்பாரை எடுப்பது அன்று, பத்திரங்களை எடுப்பது. பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால், அந்த நிலத்தில் போடும் ஒவ்வொரு ரூபாயும் பின்னாளில் சண்டைக்கு வித்தாகும். தந்தை உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தாய், மனைவி, மகன்கள், மகள்கள் அனைவரும் முதல்நிலை வாரிசுகள். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனுக்கு நிகரான பங்கு உண்டு. எனவே அக்கா, தங்கை, அத்தை என உரிமையுள்ள எல்லோரையும் ஒரே இடத்தில் அமரவைத்து மனம்விட்டுப் பேசி, பாகப்பிரிவினைப் பத்திரத்தையோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தையோ சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். அத்தையிடம் கையெழுத்து கேட்கும்போது அவருக்குரிய மதிப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதன்பின் உட்பிரிவு செய்து பட்டா மாற்றி, நில அளவையரை வரவழைத்துப் புல வரைபடத்தின்படி எல்லைக்கல் நட வேண்டும். அந்த வரைபடத்தில் ஓடையோ கண்மாய்க்குப் போகும் வரத்துக்காலோ காட்டப்பட்டிருந்தால், அது தரையில் தூர்ந்துபோயிருந்தாலும் அதை மறிக்காதீர்கள். அந்த நீரின் மீது, அந்தக் கண்மாயால் பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலம் முழுவதற்கும் உரிமை உண்டு.

அடுத்தது ஒரு மழைக்காலம் முழுவதும் நிலத்தைப் பார்ப்பது. எங்கள் பக்கத்தில் பெரும்பகுதி மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. மழை பெய்யும்போதே குடையோடு நிலத்துக்குப் போய், நீர் எந்த மூலையில் நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணை அரித்துக்கொண்டு வெளியேறுகிறது என்று முளைக்குச்சி அடித்துக் குறித்துவையுங்கள். ஆண்டு மழையை 800 மி.மீ. என்று கொண்டாலே ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 32 லட்சம் லிட்டர் விழுகிறது. அவ்வளவு நீர் வந்தும் மாசியில் நிலம் வறண்டு கிடப்பதற்குக் காரணம், அது நிற்க நாம் இடம் கொடுக்காததுதான்.

பல ஆண்டுகள் தரிசாகக் கிடந்த நிலத்தில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். அதைத் தரையோடு வெட்டினால் கட்டையிலிருந்து முன்னைவிட அடர்ந்து துளிர்க்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே ஓரடியாவது தோண்டி, தூரோடு பெயர்க்க வேண்டும். வெட்டிய மரத்தைக் கரிமூட்டம் போடுபவர்களுக்கு விற்றால், பொக்லைன் வாடகையில் ஒரு பகுதி திரும்பிவரும். அடுத்த சில ஆண்டுகளுக்கு, மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது புதிதாக முளைக்கும் கன்றுகளைக் கையாலேயே பிடுங்க வேண்டியிருக்கும். மண்ணில் கிடக்கும் விதை அவ்வளவு காலம் முளைத்துக்கொண்டே இருக்கும். இந்த வேலையில் ஓரத்துப் பனைகளைத் தொடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021இல் அறிவித்தது. அந்த அறிவிப்பு இல்லாவிட்டாலும், பாட்டன் நட்ட பனையை வெட்டும் மனம் நமக்கு வரக்கூடாது.

வேலிக்குக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுக்க வசதியுள்ளவர்கள் அப்படிச் செய்யலாம். நாங்கள் கிளுவை மரத்தின் போத்துகளை, அதாவது நட்டால் துளிர்க்கும் கிளைத் துண்டுகளை வெட்டி, பருவமழைக்கு முன் ஓரடி இடைவெளியில் நட்டு, இடையிடையே நொச்சியும் ஆடாதொடையும் வைத்தோம். கிளுவை இளந்தளிரை ஆடு மேயும். நொச்சியையும் ஆடாதொடையையும் தொடாது. உயிர்வேலி அடர்ந்து நிற்க மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால், அதுவரை உட்புறமாக முள் அடைத்துக் காக்க வேண்டும்.

பண்ணைக்குட்டை நிலத்தின் தாழ்ந்த மூலையில் அமைய வேண்டும். மேற்பரப்பில் 15 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டு, 2 மீட்டர் ஆழத்தில், ஒரு மீட்டர் இறங்க ஒன்றரை மீட்டர் சரிவு விட்டு வெட்டினால் சுமார் 2.9 லட்சம் லிட்டர் பிடிக்கும். அதற்கு ஐந்தரை சென்ட் இடம் போதும். கோடையில் ஒரு நாளைக்கு 5 முதல் 8 மி.மீ. வரை ஆவியாகிப் போகும் என்பதால், அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுவதே நல்லது. சரளை கலந்த செம்மண்ணில் நீர் கீழே இறங்கிவிடும். கிணறு அருகில் இருந்தால் அது நட்டமில்லை, நீர் நிற்க வேண்டுமானால் உரிய அனுமதி பெற்றுக் கண்மாயில் படிந்த கரம்பை வண்டலை எடுத்துவந்து அடியிலும் சரிவிலும் மெத்தி இறுக்க வேண்டும். தோண்டிய மண்ணைக் கொண்டு சரிவுக்குக் குறுக்கே வரப்புகளை உயர்த்துங்கள். ஆழ்துளைக் கிணறு போட நினைப்பவர்கள், பக்கத்து நிலத்துத் தண்ணீரை முதலில் ஆய்வுக்குக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் வட்டாரத்தில் பல இடங்களில் ஆழம் போகப் போக உப்புக் கூடுகிறது.

மண் மாதிரியை நிலத்தின் பல இடங்களில் அரையடி ஆழத்துக்கு ஆங்கில எழுத்து ‘வி’ வடிவில் குழி வெட்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றில் எடுக்கக்கூடாது. மண்ணை எழுப்புவதற்கு, இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிச் சென்ற பலதானிய விதைப்பே எங்களுக்குக் கைகொடுத்தது: சோளம், கம்பு, உளுந்து, தட்டை, எள், ஆமணக்கு, கொத்தமல்லி, கடுகு, சணப்பை, கொள்ளு எனக் கலந்து ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூவெடுக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். இதை இரண்டு முறையாவது செய்யாமல் உணவுப் பயிருக்குப் போகாதீர்கள்.

உணவைப் பொறுத்தவரை, பேனா எடுத்துக் கணக்குப் போட்ட பிறகே விதைக்க வேண்டும். ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு ஒன்றேமுக்கால் கிலோ தானியம் என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 640 கிலோ அரிசி வேண்டும். அதைச் சிறுதானியமாக விளைவித்தால், குத்தி உமி நீக்கும்போது எடை குறையும் என்பதால், சுமார் 1,000 கிலோ விளைய வேண்டும். மானாவாரியில் அதற்கே இரண்டு ஏக்கரும் போய்விடும். ஆகவே முழுத் தானியத்தையும் நாமே விளைவிப்பது என்ற பிடிவாதத்தை விட்டு, 60 சென்ட்டில் குதிரைவாலியோ சாமையோ போட்டு, மீதி நெல்லை ஊரில் தெரிந்த விவசாயியிடம் அறுவடைக் காலத்திலேயே வாங்கி வைப்பதுதான் அறிவுடைமை என்று நினைக்கிறேன். வரகை மட்டும் தொடக்கத்தில் தவிர்க்கலாம். அதன் உமி அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால், பக்கத்தில் சிறுதானிய அரவை இயந்திரம் இல்லாவிட்டால் விளைந்தது குதிரிலேயே கிடக்கும். எண்ணெய் அப்படியன்று. ஆண்டுக்கு 45 லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய 100 கிலோ கடலைப் பருப்பு, அதாவது தோட்டோடு 150 கிலோ நிலக்கடலை போதும்; 40 சென்ட்டில் அது வந்துவிடும், பிண்ணாக்கும் மாட்டுக்கு மிஞ்சும். துவரையை அந்தக் கடலைக்குள்ளேயே ஊடுபயிராக விடலாம். எண்ணெய், பருப்பு, காய்கறி, முட்டை ஆகியவற்றைத்தான் ஒரு சிறு நிலம் முதலில் முழுமையாகத் தர முடியும்.

வீட்டை ஊராட்சியில் உரிய அனுமதி பெற்று, மேடான பகுதியில், பாதைக்கு அருகில் கட்டுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையிலிருந்து ஆண்டுக்கு 60,000 லிட்டர் வரை பிடிக்கலாம். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லிட்டர் என்றால், மழையில்லாத 200 நாளுக்கு 10,000 லிட்டர் கொள்ளும் மூடிய தொட்டி ஒன்று போதுமானது. முதல் மழை நீரை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். குளியல், பாத்திரம் கழுவும் நீர் கல்வாழைப் பாத்தி வழியாக வாழைக்கும் சேம்புக்கும் போகட்டும். ஒரு கிலோவாட் சூரிய மின்தகடு நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். விளக்கு, விசிறி, சிறிய மோட்டாருக்கு அது தாராளம்.

இவ்வளவும் ஆன பிறகு மரக்கன்று. முருங்கையும் பப்பாளியும் ஓராண்டுக்குள் பலன் தரத் தொடங்கும். கொய்யா, எலுமிச்சை, நெல்லி, மா பின்னால் வரட்டும். ஐப்பசி முதல் மழையில் நட்டு, கன்றின் அருகே அடியில் சிறு துளையிட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்து வாரம் இருமுறை நிரப்பி, சுற்றிலும் காய்ந்த இலைதழைகளால் மூடாக்குப் போட்டால், முதல் கோடையைக் கடந்துவிடும். இரண்டாம் முறை நாங்கள் நட்ட 20 கன்றுகளும் அவ்வாறுதான் பிழைத்தன.

கால்நடையில் கோழியே முதலில். சிறுவிடை என்ற நாட்டு இனத்தில் பத்துக் கோழியும் ஒரு சேவலும் வீட்டு முட்டைத் தேவைக்குப் போதும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போடத் தவறினால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். வேலி முற்றிய பிறகு ஆடு, தீவனப்புல் செழித்த பிறகு மாடு. மாடு வந்தபின் குடும்பத்தில் ஒருவராவது எந்நாளும் நிலத்தில் இருந்தாக வேண்டும். சாண எரிவாயு ஒரு கனமீட்டர் கலனுக்கே நாளுக்கு 25 கிலோ சாணம் கேட்கும் என்பதால், ஒற்றை மாட்டை நம்பி அதைக் கட்ட வேண்டாம்.

முதல் விளைச்சல் வந்ததும், சமையலுக்கு எடுப்பதற்கு முன்பே விதைக்கு ஒதுக்குங்கள். வயலின் நடுவில் திடமாக நின்ற செடிகளை முன்கூட்டியே துணிகட்டி அடையாளம் வைத்து, தனியே பறித்து, நன்றாக உலர்த்தி, துவரைக்குச் செம்மண் பூசியும், காய்கறி விதையைச் சாம்பலோடு கலந்தும், பானையில் வேப்பிலை இட்டு வாய்கட்டி வைக்கலாம். கடலையை மட்டும் தோட்டோடு வைத்திருந்து, விதைக்கும் வாரத்தில் உடையுங்கள்.