கிரேக்கக் கவிஞர் செஃபெரிஸ் பற்றி வாசிப்பு வட்டத்தில் பேசுவது எப்படி

கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ பேசப் போகிறீர்கள் என்றால் 1963 நோபல் பரிசில் தொடங்காதீர்கள், சனம் கொட்டாவி விடும். 1914இல் தொடங்குங்கள்: ஸ்மிர்னாவில் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) வளர்ந்த 14 வயதுப் பையன் குடும்பத்தோடு ஏதென்ஸ் போகிறான், 1922இல் அந்த நகரம் எரிந்து அங்கிருந்த கிரேக்கர்கள் அகதிகளாக, அவனுக்குத் திரும்பிப் போக ஊரே இல்லாமல் போகிறது. நம்மாட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, கொஞ்சம் நிறுத்திப் பேசினால் போதும். அப்புறம் உத்தியோகம். 1926இல் வெளிவிவகார அமைச்சு, 1957 முதல் லண்டனில் தூதுவர். சரி, பதவிகளைப் பட்டியல் போடவேண்டாம். கவிஞராகவே அறியப்பட்டவர் ஒரு நாவலும் எழுதினார், அது அவர் இறந்த பிறகு 1974இல்தான் அச்சேறியது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். 1969இல் கிரேக்கத்தின் இராணுவ ஆட்சியைக் கண்டித்து அவர் விட்ட அறிக்கையைக் கேள்வி நேரத்துக்கு வைத்திருங்கள், அதில்தான் விவாதம் சூடுபிடிக்கும்.