ஆக்‌ஷன் குறும்படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குறும்படம் எடுக்கிற இளைஞர்கள் பெரும்பாலும் ஆக்‌ஷனில்தான் கை வைக்கிறார்கள். பாறை இருக்கிறது, காவிரி இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. கதையைவிடப் பிரம்மாண்டத்தை நம்பும் மாஸ் படங்களை நான் மதிக்கிறவன். ஒரு காட்சியைப் பார்த்து அரங்கமே எழுந்து கத்த வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் நிறைய உழைப்பும் கணக்கும் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

"சண்டைப் படம்தானே, கதை எதற்கு?" என்று கேட்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தைப் பாருங்கள். 18 நாள் நடக்கிற ஊர்களில் கடைசியில் படுகளம், அதாவது துரியோதனன் விழுகிற போர்க்களக் காட்சி. துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுக்க வைத்து, மைதானத்தை அடைக்கிற அளவுக்குச் செய்திருப்பார்கள். பீமன் வேஷம் கட்டியவர் கதாயுதத்தோடு சுற்றிச் சுற்றி வருவார். தொடையில் அடி விழுந்ததும் திரௌபதி கூந்தலை முடிவாள். வந்திருக்கிற அத்தனை பேருக்கும் முடிவு சின்ன வயதிலிருந்தே தெரியும். திருப்பம் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் வெயிலில் நின்று பார்க்கிறார்கள், சிலருக்கு அருள் வந்துவிடுகிறது. சபையில் அவிழ்ந்த கூந்தல், தொடையைத் தட்டிக் காட்டியவன், ஒரு சபதம். கதை அவ்வளவுதான். அந்தச் சபதத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மண் பொம்மையை உடைக்கிற வேலை.

உங்கள் படத்துக்கும் அப்படி ஒரு வரி வேண்டும். "நல்லவன் ஒருவன் அநியாயத்தைத் தட்டிக் கேட்கிறான்" என்பது வரி ஆகாது. அதை வைத்து ஒரு ஷாட்கூட யோசிக்க முடியாது. "விடிவதற்குள் மாங்காய் லோடு ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், வழியில் லாரியை மறிக்கிறார்கள்" என்று எழுதிப் பாருங்கள். ஹீரோவுக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள், நேரம் எவ்வளவு இருக்கிறது என்பது எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. அப்புறம் எவ்வளவு பெரிய சண்டை வைத்தாலும் தாங்கும். இந்த வரி கிடைக்காதபோதுதான் பலர் நடுவில் நீளமாக ஒரு ஃப்ளாஷ்பேக்கைச் செருகுகிறார்கள். அது சண்டையின் சூட்டையும் தணித்துவிடும்.

ஹீரோ அறிமுகத்திலும் இந்தப் பாரதத்தில் ஆடுகிற தெருக்கூத்திடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேஷக்காரர் அதற்குப் பின்னால் ஆடுவார். முதலில் சலங்கைச் சத்தம், அப்புறம் திரைக்கு மேலே கிரீடம், கீழே கால். கூத்தை நடத்திப்போகிற கோமாளியான கட்டியங்காரன், வந்திருப்பது யார் என்று கேட்டு ஏற்றிவிடுவான். முழு உருவம் தெரிய எவ்வளவோ நேரமாகும். நம் குறும்படங்களில் என்ன செய்கிறோம்? முதல் ஷாட்டிலேயே கூலிங் கிளாஸோடு முகத்தைக் காட்டிவிட்டு, அப்புறம் மூன்று நிமிஷம் நடக்கவிடுகிறோம். பில்டப் என்பது காட்டாமல் தள்ளிப்போடுவது. காட்டிய பிறகு எத்தனை தடவை நடந்தாலும் அது வெறும் நடைதான்.

அடுத்து, எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போய்விடுவது. முதல் சண்டையில் பத்துப் பேரைப் பறக்கவிட்டால் கடைசிச் சண்டையில் ஐம்பது பேரைப் பறக்கவிட்டாலும் பார்ப்பவருக்கு ஒன்றும் தோன்றாது. பாரதத்தில் வில் வளைப்பு, துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் எல்லாம் முடிந்துதான் படுகளம் வருகிறது. முதல் சண்டையில் ஹீரோ ஒரே ஒருவனை அடிக்கட்டும், அதுவும் சிரமப்பட்டு. வில்லனின் பலமும் இதே கணக்குதான். ஒரே தட்டில் விழுகிறவனை ஜெயிப்பதில் ஹீரோவுக்கு என்ன பெருமை? லாஜிக் மீறலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஜீப் பறக்கலாம். ஆனால் ஹீரோவுக்கு எது வலிக்கும் என்று ஒரு இடத்தில் காட்டிவிட்டு, கடைசி வரை அதை மாற்றாமல் இருங்கள்.

எடிட்டிங்கில் நடக்கிற தவறு, வேகமாக வெட்டினால் வேகம் வரும் என்ற நம்பிக்கை. 2015-ல் வந்த ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' கிட்டத்தட்ட முழுக்கவே ஒரு துரத்தல்தான். அதிலும் ஷாட்டுகள் பட்பட்டென்று மாறும். ஆனால் பார்க்க வேண்டிய விஷயத்தை எப்போதும் ஃப்ரேமின் நடுவிலேயே வைத்திருந்ததால் கண் தேடி அலைய வேண்டியதில்லை. படப்பிடிப்புக்கு முன்பே காட்சிகளை ஆயிரக்கணக்கான படங்களாக வரைந்து வைத்திருந்தார்கள். எடிட்டிங் உட்பட 6 ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. நீங்களும் ஒரு நோட்டில் கட்டம் போட்டு வரையலாம், குச்சி மனிதர்கள் போதும். சண்டை தொடங்குமுன் யார் எங்கே நிற்கிறார், வெளியே போக வழி எது என்று ஒரு அகலமான ஷாட்டில் காட்டிவிடுங்கள். அப்புறம் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வையுங்கள். தாண்டினால் இடது பக்கம் ஓடிய ஆள் அடுத்த ஷாட்டில் வலது பக்கம் ஓடுவார்.

குத்துகிற காட்சியைப் பக்கவாட்டில் எடுத்தால் கைக்கும் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அப்பட்டமாகத் தெரியும். வாங்குகிறவரின் தோளுக்குப் பின்னாலோ குத்துகிறவரின் தோளுக்குப் பின்னாலோ கேமராவை வையுங்கள். கை முகத்தை அரை அடி தள்ளியே கடந்து போகட்டும். அது கடக்கிற அதே நொடியில் வாங்குகிறவர் தலையைத் திருப்ப வேண்டும், அடி தெரிவது அங்கேதான். போனைப் பக்கத்தில் கொண்டுபோவதைவிடக் கொஞ்சம் பின்னால் போய் ஜூமில் எடுத்தால் இடைவெளி சுருங்கித் தெரியும்.

ஸ்லோ மோஷன் வெளிச்சத்தைக் கேட்கும். போனில் நொடிக்கு 240 ஃப்ரேமில் எடுத்து 24-ல் ஓட்டினால் 10 மடங்கு மெதுவாகும், அரை நொடி உதை 5 நொடிக்கு நீளும். இதைத் தெருவிளக்கிலோ டியூப்லைட்டிலோ எடுத்தால் படம் விட்டு விட்டு மின்னும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த மாதிரி விளக்குகள் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது, 240 ஃப்ரேமில் தெரிந்துவிடும். ஸ்லோ மோஷன் ஷாட்டுகளைப் பகல் வெயிலில் முடித்துவிடுங்கள்.

இனி சொல்லப்போவதை மட்டும் யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கைவிட்ட கிரானைட் குவாரியில் தேங்கிய பச்சைத் தண்ணீர் கேமராவில் அழகாக இருக்கும். அதில் குதிக்காதீர்கள். ஆழம் தெரியாது, அடியில் வெட்டிய கல் நிற்கும், சுவர் செங்குத்தாக இருப்பதால் பிடித்து ஏற இடம் இருக்காது. ஒகேனக்கலில் நீர்வரத்து கூடினால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடுவார்கள். அந்த நாளில் ஓரத்துப் பாறையில் நின்றுகூட ஷாட் வைக்க வேண்டாம். தொப்பூர் கணவாயில் பைக் ஸ்டண்ட் வேண்டவே வேண்டாம். பிரேக் பிடிக்காமல் இறங்குகிற லாரி உங்கள் 'கட்'டுக்கு நிற்காது. பெரிய படங்களில் கார் உருள்வது, மறைத்து வைத்த சாய்தளத்தாலோ அடியில் பொருத்தி, காற்றழுத்தத்தில் தரையை உதைத்துக் காரைத் தள்ளுகிற குழாயாலோதான். ஓட்டுகிறவரைச் சுற்றி இரும்புக் கூண்டு இருக்கும். அதை வாடகைக் காரில் முயற்சி செய்யாதீர்கள்.

பொம்மைத் துப்பாக்கியோடு ரோட்டில் இறங்குமுன் உள்ளூர் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். ட்ரோனுக்கு அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள். காட்டோரம் போனால் வனத்துறை அனுமதி வேண்டும். வயல் ஓரம் நிற்கிற நடுகல் மேல் ஏறி நிற்பது, அதில் சாயம் பூசுவது எல்லாம் கூடாது. நம் பக்கம் பல ஊர்களில் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள்.

எடிட் முடிந்ததும் இசையையும் சத்தத்தையும் எடுத்துவிட்டு, படத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் ஓட்டிக் காட்டுங்கள். யார் யாரை எதற்காக அடிக்கிறார் என்று அவர் சொல்லிவிட்டால் பிஜிஎம் சேர்க்கலாம். அவர் குழம்பினால் எந்த ஷாட்டில் குழம்பினார் என்று கேட்டு, அந்த ஷாட்டை மறுபடியும் போய் எடுங்கள்.