பிரஷர் மாத்திரையால் வீங்கிய முகம்

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை எனக்கு. ஒருநாள் விடியும்போதே மேலுதடு தடித்து, இடது கண்ணிமை உப்பிக் கிடந்தது. அரிப்பு துளியும் இல்லை. “குளவி கொட்டியிருக்கும்ணே, சுண்ணாம்பு தடவுங்க” என்றார்கள். கொட்டின தடமே காணோம்! செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரைக்கும் வீக்கம் அசையவில்லை.

மாத்திரை அட்டைகளோடு சேலத்துக்கு இறங்கினேன். டாக்டர் முதலில் நாக்கையும் மூச்சையும் பார்த்தார். அப்புறம் நான் பிரஷருக்குச் சாப்பிடும் எனலாப்ரில் அட்டையைத் தனியே எடுத்து வைத்தார். இவ்வகை மாத்திரை உடம்பில் பிராடிகினின் என்ற, வீக்கம் உண்டாக்கும் பொருளைத் தேங்கவிடுமாம். வருஷக்கணக்கில் ஒத்துக்கொண்டவருக்கும் திடீரென வீங்கலாம். அலர்ஜியில் சுரக்கும் ஹிஸ்டமினால் வந்ததல்ல, அதனால்தான் அலர்ஜி மாத்திரைக்கு மசியவில்லை.

சாயங்காலம் வரை அங்கேயே உட்காரவைத்து, அம்லோடிபின் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். வீக்கம் மெல்ல வடிந்தது. நாக்கு தடித்தாலோ குரல் மாறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடச் சொன்னார். மலையில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமே, யோசிக்க நேரமேது? எனலாப்ரில், அதே வகையான ராமிப்ரில், லிசினோப்ரில் எதுவும் எனக்கு ஆகாது என்று எழுதித் தந்த சீட்டு இப்போது பர்ஸில்.