வெளிநாட்டில் இருந்து கார் பாகம் வாங்கப் போகிறீர்களா? வரிக் கணக்கை முதலில் போடுங்கள்

கோயம்புத்தூரில் அண்ணன் நடத்தும் ஒர்க்‌ஷாப்பில் பில், ஜி.எஸ்.டி., இறக்குமதிப் பேப்பர் எல்லாம் என் பொறுப்பு. எங்களிடம் வருபவை பெரும்பாலும் உற்பத்தி நின்றுபோன வண்டிகள். ஓப்பல் கோர்ஸா, பழைய பென்ஸ் டபிள்யூ 124, திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சர். உள்ளூரில் ஸ்பேர் கிடைக்காதபோது ஜப்பான், ஜெர்மனி, சார்ஜா என்று ஆர்டர் போடுகிறோம். வண்டிக்காரர்களும் போனில் விலையைப் பார்த்துவிட்டு வந்து, "நீங்க நாப்பதாயிரம் சொல்றீங்க, அங்க இருபதாயிரம்தானே போட்டிருக்கு" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த இருபதாயிரம் வீட்டு வாசலுக்கு வரும்போது எவ்வளவு ஆகும் என்பதை, பணம் கட்டும் முன்பே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். அதற்கான வழியைத்தான் எழுதுகிறேன்.

ஒரு ஜோடி ஷாக் அப்சார்பரை எடுத்துக்கொள்வோம். பொருளின் விலை நம் பணத்தில் 20,000 ரூபாய், விமானக் கூரியர் கட்டணம் 9,000 ரூபாய். வரி வெறும் 20,000-க்கு இல்லை. பொருள், காப்பீடு, இந்தியா வரைக்குமான போக்குவரத்து மூன்றையும் கூட்டிய தொகைக்குத்தான் வரி. இதை மதிப்பீட்டுத் தொகை என்பார்கள். காப்பீட்டுக்குத் தனிப் பில் இல்லாவிட்டால் பொருள் விலையில் 1.125 சதவீதம் சேர்ப்பார்கள். 20,000-க்கு அது 225 ரூபாய்.

போக்குவரத்தில்தான் பலரும் கவனிக்காத ஒரு சலுகை இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி, விமானத்தில் வரும் பொருளுக்கு நீங்கள் எவ்வளவு கட்டணம் கொடுத்திருந்தாலும், பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாது. நீங்கள் 9,000 கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் சேர வேண்டியது 4,000 மட்டும். ஆக மதிப்பீட்டுத் தொகை 24,225 ரூபாய்.

இனி வரி. எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்று சொல்லும் சுங்கக் கட்டண அட்டவணையில், ஷாக் அப்சார்பர் 8708 என்ற தலைப்பில் வரும். அதற்கு அடிப்படைச் சுங்க வரி 15 சதவீதம், அதாவது 3,634 ரூபாய். அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 363 ரூபாய். கவனியுங்கள், இந்தப் பத்து சதவீதம் வரிக்கு மட்டும்தான், பொருளுக்கு இல்லை. இதுவரை வந்த எல்லாவற்றையும் கூட்டினால் 28,222. இந்தத் தொகைக்கு 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிப் பொருளுக்குப் போடும் ஜி.எஸ்.டி.), 5,080 ரூபாய். மொத்த வரி சுமார் 9,077 ரூபாய். பொருள், கூரியர், வரி மூன்றும் சேர்ந்து 38,077. இதற்கு மேல் வரியைக் கட்டித் தந்ததற்காகக் கூரியர் நிறுவனம் வாங்கும் சேவைக் கட்டணமும், அந்தச் சேவைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. அண்ணன் நாற்பதாயிரம் சொன்னது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

மனதில் வைத்துக்கொள்ள ஒரே எண் வேண்டுமென்றால், 8708-க்கு மதிப்பீட்டுத் தொகையில் 37.47 சதவீதம். 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு ஐ.ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தபோது இதே எண் 49.12. இணையத்தில் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு "பாதி வரியிலேயே போயிடும்" என்று பயப்படுபவர்கள் அந்தப் பழைய கணக்கைத்தான் சொல்கிறார்கள்.

மேலே சொன்ன 20 சதவீத வரம்பைப் பில் வந்ததும் சரிபாருங்கள். இந்த உதாரணத்தில் முழு 9,000-ஐயும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் வரி 10,950 ஆகியிருக்கும். கிட்டத்தட்ட 1,900 ரூபாய் கூடுதல். பில் ஆஃப் என்ட்ரி என்பது சுங்கத்தில் தாக்கலாகும் இறக்குமதிப் படிவம். கூரியர் அனுப்பும் அதன் நகலில் 'ஃப்ரெய்ட்' (போக்குவரத்துக் கட்டணம்) என்று ஒரு கட்டம் இருக்கும். முதலில் என் கண் போவது அங்கேதான்.

டாலரையும் யென்னையும் ரூபாயாக மாற்றுவதற்குக் கூகுள் காட்டும் விலை உதவாது. சுங்கத்துறை மாதத்துக்கு இரண்டு முறை தன் மாற்று விகிதத்தை அறிவிக்கிறது, இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று. இறக்குமதி விகிதம் எப்போதும் கொஞ்சம் உயரம். உங்கள் கார்டில் வங்கி வெட்டும் மார்க்-அப் இதில் சேராது, அது தனிச் செலவு. இன்னொன்று, நீங்கள் ஆர்டர் போட்ட தேதி யாருக்கும் கணக்கில்லை. பொருள் வந்து பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகும் நேரத்தில் என்ன வரியோ அதுதான். ஜனவரி கடைசியில் ஆர்டர் போட்டால் பட்ஜெட்டைத் தாண்டி வரும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 8708-க்கு 15 சதவீதம் வந்ததே 2018 பட்ஜெட்டில்தான்.

சரி, எல்லாக் கார் பாகமும் 8708-தானா? இல்லை. வரிக் கணக்கு தப்பாவதில் பெரும்பங்கு இங்கேதான்.

சுங்கக் கட்டண அட்டவணை ஒரு பாகத்தை "இது எந்த வண்டிக்கு" என்று மட்டும் பார்ப்பதில்லை, "இது என்ன பொருள்" என்றும் பார்க்கிறது. லான்சரின் முன் சஸ்பென்ஷனையே பாருங்கள். ஷாக் அப்சார்பர் 8708 80. அதே ஷாக்கைச் சுற்றி உட்காரும் காயில் ஸ்பிரிங்கைத் தனியாக வாங்கினால் 7320, ஏனென்றால் ஸ்பிரிங் பொதுப் பயன்பாட்டுப் பொருள். அவற்றை இறுக்கும் போல்ட்டும் நட்டும் 7318. ஒரே மூலையில் ஒன்றோடொன்று பூட்டிக் கிடக்கும் மூன்று சாமான்கள், மூன்று தலைப்புகள். இப்படியே பிஸ்டன், வால்வு 8409. ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட்டர் மோட்டார் 8511. ஹெட்லைட், வைப்பர், ஹாரன் 8512. ஆயில் ஃபில்ட்டர் 8421. வாட்டர் பம்ப், ஃபியூயல் பம்ப் 8413. டர்போ 8414. பேரிங் 8482. ரப்பர் ஹோஸ் 4009. விண்ட்ஷீல்டு 7007, ரியர் வியூ மிரர் 7009. பிரேக் பேட் இரும்புத் தகட்டோடு வந்தால் 8708 30, தகடு இல்லாத வெறும் லைனிங் என்றால் 6813. ஒவ்வொரு தலைப்புக்கும் அடிப்படை வரி வேறு வேறாக இருக்கலாம். அதனால் பாகத்தின் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டு, சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் இருக்கும் வரிக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தபிறகுதான் ஆர்டர்.

விற்பவரிடம் ஹெச்.எஸ். கோடு, அதாவது பாகத்தின் இந்தத் தலைப்பு எண்ணைக் கேட்டால், எட்டு, ஒன்பது, பத்து இலக்கம் என்று ஏதாவது தருவார். அதில் முதல் ஆறுதான் உலகம் முழுக்கப் பொது. மீதி அந்தந்த நாட்டின் கணக்கு. நம்முடையது எட்டு இலக்கம். ஆறை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசி இரண்டை இந்திய அட்டவணையில் தேடுங்கள்.

இவ்வளவும் தெரிந்துவைத்து என்ன பயன், இன்வாய்ஸில் "ஆட்டோ பார்ட்ஸ், ஒரு செட்" என்று எழுதி அனுப்பினால்? சுங்க அதிகாரிக்கு உங்கள் வண்டி தெரியாது. அவர் முன்னால் இருப்பது ஒரு பெட்டியும் ஒரு தாளும். தாளில் தெளிவில்லாவிட்டால் பெட்டியைத் திறப்பார், விளக்கம் கேட்பார், நாள் போகும், இல்லையென்றால் வரி கூடுதலான தலைப்பில் போடுவார். அதனால் ஆர்டர் போடும்போதே விற்பவருக்கு ஒரு மெயில் எழுதிவிடுவேன். இன்வாய்ஸில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி லைன் வேண்டும். பெயர், பார்ட் நம்பர், எந்த வண்டிக்கு, எண்ணிக்கை, ஒன்றின் விலை, தயாரான நாடு, ஆறு இலக்க ஹெச்.எஸ். கோடு, "புதியது" என்ற சொல். போக்குவரத்துக் கட்டணம் பொருள் விலையோடு கலக்காமல் தனி லைனில் இருக்க வேண்டும், கலந்துவிட்டால் அந்த 20 சதவீத வரம்பைக் கேட்கவே முடியாது. இந்த மெயிலுக்குப் பதில் போடாத கடையில் நான் வாங்குவதில்லை. கூடவே பணம் கட்டிய ரசீதையும், கடையின் தளத்தில் அந்த விலை தெரியும் பக்கத்தையும் பி.டி.எஃப். எடுத்து வைத்துக்கொள்வேன். விலையில் சந்தேகம் வந்தால் உடனே காட்டலாம்.

சில விற்பனையாளர்கள் நல்லெண்ணத்தில், "விலையைக் குறைத்துப் போடட்டுமா, கிஃப்ட் என்று எழுதட்டுமா" என்று கேட்பார்கள். உறுதியாக வேண்டாம் என்று சொல்லுங்கள். விலை குறைத்துக் காட்டினால் அதிகாரி அதை நிராகரித்துத் தாமே மதிப்புப் போடலாம். சுங்கச் சட்டத்தின் 111, 112 பிரிவுகளில் பறிமுதலும் அபராதமும் இருக்கின்றன. கிஃப்ட் என்ற பெயரில் வரியில்லாமல் எடுக்கும் வழியை 2019 டிசம்பரிலேயே மூடிவிட்டார்கள். உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் விலக்கு. தவிர, பெட்டி வழியில் தொலைந்தால் குறைத்துக் காட்டிய தொகைக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும்.

பழைய பாகம் வாங்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஜப்பானிய ஏலத் தளங்களில் கழற்றிய எஞ்சின், கியர் பாக்ஸ், ஹெட்லைட் எல்லாம் ஆசைப்படும் விலையில் கிடக்கும். இந்தியாவின் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில், மூலதனப் பொருள் அல்லாத பயன்படுத்திய சாமான்கள் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. வெளிநாட்டு வர்த்தகத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகமான டி.ஜி.எஃப்.டி.யின் அனுமதி இல்லாமல் கொண்டு வர முடியாது. வரி கட்டத் தயாராக இருந்தாலும் அனுமதி இல்லாததற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். எங்களிடம் இப்படிக் கேட்பவர்களுக்கு அண்ணன் ஒரே பதில்தான் சொல்வார், புதுசு இல்லையென்றால் இந்தியாவுக்குள்ளேயே தேடலாம் என்று. டயரும் அப்படியே. புது டயர் இறக்குமதியை 2020 ஜூனில் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றினார்கள். டயருக்கும் வண்டிக் கண்ணாடிக்கும் வீல் ரிம்முக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் வேறு இருக்கின்றன. இந்த மூன்றையும் ஆன்லைனில் பார்த்து ஆசைப்படாமல், முதலில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் கேட்டுவிடுங்கள்.

சொந்த வண்டிக்கு, சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கினால் ஐ.இ.சி. எனப்படும் இறக்குமதியாளர் எண் தேவையில்லை. கூரியர் நிறுவனம் கே.ஒய்.சி.க்காக அடையாளச் சான்று கேட்கும். அந்த மெசேஜைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பெட்டி கிடங்கில் கிடக்கும், கிடக்கும் நாளுக்கும் காசு. தனிநபர் பெயரில் வரும் பார்சலை 9804 என்ற சொந்தப் பயன்பாட்டுத் தலைப்பில் போடுவதும் உண்டு. அதன் விகிதம் தனி, 8708-இன் விகிதம் அங்கே செல்லாது. உங்கள் பார்சலை எந்தத் தலைப்பில் தாக்கல் செய்யப்போகிறார்கள் என்று கூரியரிடம் முன்கூட்டியே மெயிலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்ட பதில் பின்னால் உதவாது.

கடைக்காக, விற்பனைக்காக வாங்கினால் ஐ.இ.சி. கட்டாயம். பில் ஆஃப் என்ட்ரியில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் ஏறியிருக்க வேண்டும். அப்போதுதான் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். மேலே பார்த்த 9,077-இல் 5,080 திரும்பி வரும். அடிப்படைச் சுங்க வரியும் கூடுதல் வரியும் வராது, அவை செலவுதான். 

ஜப்பானோடும் தென் கொரியாவோடும் நமக்கு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதே, வரி குறையாதா என்று கேட்பார்கள். குறையலாம். ஆனால் அதற்கு அந்த நாட்டில் முறைப்படி வழங்கிய மூலச் சான்றிதழ் (பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதற்கான சான்று) வேண்டும், பாகமும் அங்கேயே தயாரானதாக இருக்க வேண்டும். ஜப்பானியக் கடை அனுப்பும் பெட்டியில் தாய்லாந்தில் செய்த பாகம் இருப்பது சாதாரணம். ஒரு ஜோடி ஷாக்குக்காகச் சில்லறைக் கடை சான்றிதழ் எடுத்துத் தராது. மொத்தமாக வாங்குபவர்கள் மட்டும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

வரி தப்பாகப் போட்டிருப்பதாகத் தோன்றினால், கட்டுவதற்கு முன்பே கூரியர் வழியாக மறுமதிப்பீடு கேளுங்கள். அதிகாரி உங்கள் கணக்கை ஏற்காவிட்டால் காரணங்களோடு எழுத்தில் உத்தரவு கேட்க உரிமை உண்டு. அதை வைத்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தவறான பாகம் வந்து, பொருத்தாமல் அப்படியே திருப்பி அனுப்பினால், சுங்கச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் கட்டிய வரியில் 98 சதவீதம் வரை திரும்பப் பெற வழி இருக்கிறது. வந்த அதே பொருள்தான் போகிறது என்று காட்ட வேண்டும், அதனால் பெட்டியைப் பிரிக்கும்போதே பார்ட் நம்பர் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள், பில் ஆஃப் என்ட்ரி நகலைக் கூரியரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். சின்னத் தொகைக்கு இந்த அலைச்சல் கட்டாது. முப்பது, நாற்பதாயிரம் வரி கட்டிய பாகம் என்றால் ஏஜென்ட் கூலி போனாலும் கையில் நிற்கும்.