மியூசியாலஜியில் எம்.ஏ. சேரப் போகிறவர்களுக்கு

வீட்டில் போய் "மியூசியாலஜி, அதாவது அருங்காட்சியகவியல், படிக்கப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், "பழைய சாமானைத் துடைத்து வைக்க எதற்கு ஒரு எம்.ஏ.?" என்று யாராவது ஒரு மாமா கேட்பார். கோபப்பட வேண்டாம், அவர் பாதி சரியாகத்தான் சொல்கிறார். அந்தச் சாமான் என்ன, யாரிடமிருந்து எப்படி வந்தது, எதைக் கொண்டு துடைக்கலாம், துடைக்கவே கூடாதா என்பதையெல்லாம் எழுதி வைப்பது மீதிப் பாதி. படிப்பில் கணிசமான பகுதி அந்த எழுத்து வேலைதான். பெரிய கண்காட்சி போட்டு ரிப்பன் வெட்டுகிற கனவோடு வருகிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே பதிவேட்டைப் பார்த்துச் சோர்ந்து போகிறார்கள். அதனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இந்த வேலை உங்களுக்கு ஒத்து வருமா என்று பார்த்துவிடுங்கள்.

அதற்கு ஒரு டிக்கெட் காசு போதும். சென்னையில் இருந்தால் எழும்பூர் மியூசியத்துக்குப் போங்கள். 1851-ல் தொடங்கியது, கல்கத்தாவின் இந்தியன் மியூசியத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பழையது. எல்லாக் கட்டிடத்தையும் ஒரே நாளில் சுற்றாமல் செப்புத்திருமேனிகள் இருக்கிற கேலரியில் மட்டும் இரண்டு மணி நேரம் இருங்கள். திருவாலங்காட்டு நடராஜரை முதலில் ஆசை தீரப் பார்த்துவிடுங்கள். அப்புறம் அவரை விட்டுவிட்டு, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, பெயர்ப்பலகையை எத்தனை பேர் நின்று படிக்கிறார்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர் கண்ணுக்கு அது எட்டுமா, கூட்டம் எந்த இடத்தில் செல்ஃபிக்கு நிற்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி அதே நடராஜருக்கு 60 வார்த்தையில் ஒரு பலகை எழுதுங்கள். "சோழர் கலையின் உன்னதம்" மாதிரி எதுவும் வரக் கூடாது. நான் எழுதியது ஆறாவது முறைதான் தேறியது, அதுவும் என் அக்கா மகள் முகத்தைச் சுளிக்காமல் படித்தாள் என்கிற அளவில்தான்.

அடுத்தது, முடிந்தால் ஒரு சிறிய மியூசியத்தில் இரண்டு மூன்று வாரம் சும்மா வேலை பார்ப்பது. "இன்டர்ன்ஷிப் கிடைக்குமா" என்று கேட்டால் பெரும்பாலும் பதிலே வராது. "உங்கள் பதிவேட்டையும் ஸ்டோரில் இருக்கிற பொருட்களையும் ஒப்பிட்டுச் சரிபார்த்துத் தருகிறேன்" என்று எழுதிக் கேளுங்கள், கதவு திறக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் எல்லா ஊரிலும் நிலுவையில் கிடக்கிற வேலை அது. நான் போன ஒரு சின்ன மியூசியத்தில் பதிவேடு "உடைந்த பானை – 4" என்றது, அலமாரியில் ஏழு இருந்தன. அந்த மூன்று கூடுதல் பானைகளின் கதையைத் தேடிப் பத்து நாள் ஓடியது, கடைசி வரை ஒன்றுக்கு விடை கிடைக்கவில்லை. அந்தப் பத்து நாளும் எனக்குச் சலிக்கவில்லை என்பதை வைத்துத்தான் இந்தப் படிப்பில் சேரலாம் என்று முடிவு செய்தேன். உங்களுக்குச் சலித்தால் அதுவும் நல்லதுதான், இரண்டு வருடம் மிச்சம்.

சரி, எங்கே படிப்பது? கல்லூரிப் பெயரில் ஆரம்பிக்காமல், பார்க்க விரும்பும் வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். தமிழக அரசு மியூசியத்தில் காப்பாட்சியர் (க்யூரேட்டர்) ஆவதுதான் இலக்கு என்றால், அங்கே மானிடவியல், தொல்லியல், நாணயவியல், விலங்கியல், தாவரவியல், நிலவியல் என்று பிரிவு பிரிவாக இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். அந்தந்தப் பாடத்தில் முதுகலை கேட்பார்களா, மியூசியாலஜி பட்டத்துக்கு என்ன மதிப்பு என்று டி.என்.பி.எஸ்.சி.யின் பழைய காப்பாட்சியர் அறிவிக்கைகளை எடுத்து வரி வரியாகப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள். இதைப் படிப்பு முடித்த பிறகு பார்க்கிறவர்கள்தான் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, கீழடி அருங்காட்சியகம் (2023-ல் திறந்தது) மாநிலத் தொல்லியல் துறையின் கீழ் வருகிறது, எழும்பூர் அருங்காட்சியகத் துறையின் கீழ் வருகிறது. இரண்டும் வேறு வேறு துறை, அதனால் இரண்டின் அறிவிப்புகளையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

பொருட்களைப் பழுது பார்த்துக் காப்பதில்தான் ஆசை என்றால் உங்களுக்குத் தேவை கன்சர்வேஷன் படிப்பு, அதற்கு வேதியியல் கை கொடுக்கும். எழும்பூரில் 1930-களிலேயே பரமசிவன் என்கிற வேதியியலாளர் செப்புத்திருமேனிகளில் ஏறிய களிம்பை மின்பகுப்பு முறையில் நீக்கிக்கொண்டிருந்தார், இந்தத் துறைக்கு நம் ஊரிலேயே அப்படி ஒரு பழைய வேர் இருக்கிறது. கலை வரலாறு பிடித்தவர்கள் அதிலேயே எம்.ஏ. செய்துவிட்டு மியூசியத்துக்குள் வருவதும் உண்டு. பதிவு, காட்சி அமைப்பு, பார்வையாளர், நிர்வாகம் என்று எல்லாவற்றையும் தொட வேண்டும் என்றால்தான் மியூசியாலஜி.

இந்தியாவில் இதற்கு மூத்த துறை பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, 1952-ல் தொடங்கியது. நுண்கலைப் புலத்துக்குள் இருப்பதால் சிற்பம், ஓவியம் படிக்கிறவர்களோடு சேர்ந்து டீ குடிக்கலாம், அதே ஊரில் சாயாஜிராவ் மகாராஜா கட்டிய மியூசியமும் உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகத் துறை 1959-ல் வந்தது. முன்பு நேஷனல் மியூசியம் இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் டெல்லியில் இருந்த நிறுவனம் இப்போது இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹெரிடேஜ் என்ற பெயரில் நொய்டாவில் இருக்கிறது, கலை வரலாறு, கன்சர்வேஷன், மியூசியாலஜி மூன்றும் அங்கே ஒரே கூரையின் கீழ். பனாரஸிலும் அலிகாரிலும்கூட துறை இருக்கிறது. சேர்க்கை முறை வருடத்துக்கு வருடம் மாறுவதால் அந்தந்தத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், தெரிந்த அண்ணன் சொன்னார் என்று நம்ப வேண்டாம்.

வெளிநாடு என்றால் முதலில் காதில் விழும் பெயர் இங்கிலாந்தின் லெஸ்டர், அங்கே மியூசியம் ஸ்டடீஸ் துறை 1966-ல் தொடங்கியது. பிரிட்டனில் எம்.ஏ. ஒரே வருடம். நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான். செப்டம்பரில் போய் இறங்கி குளிருக்குப் பழகுவதற்குள் ஆய்வுத் தலைப்பைக் கேட்பார்கள். பணம் பெரிய விஷயம், அதனால் உதவித்தொகையை முதலில் தேடிவிட்டு அப்புறம் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். பிரிட்டன் அரசு தருகிற சீவ்னிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம், காட்ட வேண்டும். படித்து முடித்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் வெளிநாட்டு உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு தொடர்பான தலைப்புகளுக்குக் கிடையாது என்று 2022-ல் விதி கொண்டு வந்தார்கள். யாருக்கு இந்தப் படிப்பு அதிகம் வேண்டுமோ அவர்களுக்கே கதவை மூடுகிற விதி என்பது என் கருத்து. நடப்பு ஆண்டின் விதிமுறையையும், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தின் பாடப்பிரிவுப் பட்டியலையும் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

விண்ணப்பத்தோடு ஒரு நோக்கக் கடிதம் கேட்பார்கள். "சிறு வயதிலிருந்தே எனக்கு வரலாறு என்றால் உயிர்" என்று ஆரம்பித்தால் விண்ணப்பித்த மற்ற எல்லோரும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார்கள். ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபியின் சிற்பங்கள்: வால்டர் எலியட் என்கிற ஆங்கிலேய அதிகாரி 1845-ல் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பியவற்றில் பெரும் பகுதி 1859-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறியது, இன்று ஒரே ஸ்தூபியின் கற்கள் எழும்பூரிலும் பிரிட்டிஷ் மியூசியத்திலும் பிரிந்து கிடக்கின்றன. இரண்டு இடத்திலும் அவற்றைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், நீங்கள் எழுதினால் எப்படி எழுதுவீர்கள். இதை ஒன்றரைப் பக்கம் எழுதினாலே போதும், உங்களை அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எழும்பூரில் அன்று எடுத்த நோட்டு இங்கேதான் பயன்படும்.

சேர்ந்த பிறகு எந்த வகுப்பை விட்டாலும் ஆவணப்படுத்தல் வகுப்பை விடாதீர்கள். போரடிக்கும், தெரியும். ஆனால் ஸ்ரீபுரந்தான் நடராஜரை நினைத்துக்கொள்ளுங்கள். அரியலூர் மாவட்டக் கோயிலில் இருந்து திருடிய அந்தச் சிலையை, கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுபாஷ் கபூர் என்கிற வியாபாரியிடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. படித்தவர்கள், அனுபவசாலிகள் நிறைந்த இடம்தான், இருந்தும் கபூர் கொடுத்த கைமாறிய வரலாறு போலி. சிலை கோயிலில் இருந்தது என்பதற்குச் சான்றாக நின்றது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருந்த பழைய புகைப்படம். 2014-ல் சிலை இந்தியா திரும்பியது, 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்து ஆண்டு தண்டனை கொடுத்தது. எப்போதோ ஒருவர் கோயில் கோயிலாகப் போய் படம் எடுத்து, ஊர்ப் பெயர் எழுதி, ஒழுங்காக அடுக்கி வைத்ததால் நடந்தது இது. அதனால் பண்பாட்டுப் பொருட்களைச் சட்டவிரோதமாக நாடு கடத்துவதைத் தடுக்கிற 1970 யுனெஸ்கோ ஒப்பந்தம், நம் 1972 தொல்பொருள் சட்டம் இரண்டையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாமல், ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு "இது 1970-ல் எங்கே இருந்தது, அதற்குத் தாள் எங்கே" என்று கேட்டுக் கேட்டுப் படியுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்டது தொல்பொருள், கையெழுத்துச் சுவடி என்றால் 75 வருடமே போதும் என்பது மாதிரி சின்னச் சின்ன எண்கள் அப்புறம் தானாக நினைவில் நிற்கும்.

கைவேலைப் பாடங்கள் ஓரிரு மாதத்தில் பழகிவிடும். பானையைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு கையாலும் அடியில் தாங்குவது, உலோகத்தைக் கையுறை இல்லாமல் தொடாதது, துணிக்கும் ஓலைக்கும் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கிற அலகு) மேல் வெளிச்சம் படாமல் பார்ப்பது, பதிவு எண்ணைப் பின்னால் அழிக்க முடிகிற மாதிரி எழுதுவது. லக்ஸ் மீட்டர் ஒன்று சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. அரசு மியூசியங்கள் பலவற்றில் டிஜிட்டல் பதிவுக்கு ஒன்றிய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய ஜதன் என்கிற மென்பொருள் இருக்கிறது, அதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள், நேர்காணலில் கேட்பார்கள்.

கடைசியாக ஆய்வேடு. "தமிழ்நாட்டு அருங்காட்சியகங்கள் – ஓர் ஆய்வு" என்று மாநிலம் முழுவதையும் தூக்கிக்கொண்டு அலையாமல், உங்களால் உள்ளே போக முடிகிற ஒரு ஸ்டோர், அதில் ஒரு அலமாரி என்று எடுங்கள். நாட்டுப்புற இசைக்கருவிகள், பழைய கேமராக்கள், ஒரு பள்ளிக்கூடத்தின் உலர்தாவரத் தொகுப்பு, எதுவானாலும் சரி. அனுமதிக் கடிதம் மேசை மேசையாக நகர்ந்து வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும், புகைப்படம் எடுக்கத் தனி அனுமதி, அதை அச்சில் போட இன்னொரு அனுமதி. இறுதி வருடத்தில் எழுதப் போகிற ஆய்வுக்கு முதல் வருட தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் முன்னாலேயே கடிதத்தைப் போட்டுவிடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்த நகல் ஒன்றைக் கையோடு வாங்கிக்கொண்டு.